யாரும் கேட்காத வண்டி

அன்புள்ள ஐயா,

1971 பிளிமத் ஹெமி கூடா கன்வெர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் அமெரிக்கக் கார்) ஒன்று 2014ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனதாகப் படித்தேன். அதே எஞ்சினோடு கூரை வைத்து வந்த கூடா இதைவிட வேகமாக ஓடுமாமே? பிறகு எதற்கு இந்த விலை? பணக்காரர்களின் பகட்டைத் தவிர இதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூரை வைத்த வண்டிதான் வேகம். கன்வெர்டிபிளின் விலை ஏறியதற்குக் காரணமே அதுதான்.

கூடாவுக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. முழு உடலும் ஒரே கூடு. கூரையை எடுத்தால் கூடு நெளியும். நெளியாமலிருக்க அடியில் தகடு சேர்த்துப் பற்றவைத்தால் எடை கூடும். 426 ஹெமியோ பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின். 1964ல் பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டி டேடோனா 500 கார் பந்தயத்தை ஜெயித்தது அதை வைத்துத்தான். 1966ல் அது சாலை வண்டிகளுக்கும் வந்தது: ஏழு லிட்டர், இரண்டு கார்புரேட்டர், 425 குதிரைத்திறன். அதைத் தேடி வந்த பையனுக்குக் கால் மைல் ஓட்டத்தில் முந்த வேண்டும்; கூரையுள்ளதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காற்று வாங்கப் போகிறவர், எஞ்சினுக்கு மட்டும் தனியாக ஏறக்குறைய 900 டாலர் என்றதும் சின்ன எஞ்சினே போதும் என்றார். இன்சூரன்ஸ் கட்டணம் வேறு மிரட்டியது. ஹெமியையும் திறந்த கூரையையும் சேர்த்துக் கேட்டு உருவான கூடாக்கள் 1970ல் 14, 1971ல் 11. அந்த ஆண்டோடு ஹெமியும் நின்றது.

‘இத்தனைதான் செய்வோம்’ என்று நிறுவனமே எண் குத்தி விற்கும் வண்டிகள் இன்று நிறைய உண்டு. அவற்றின் மேல் எனக்கு மனம் போவதில்லை. இந்த 11ஐ யாரும் திட்டமிடவில்லை. கணக்குப் பார்க்காத யாரோ சிலர் ஷோரூமில் உட்கார்ந்து ஆசைப்பட்டதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். சேகரிப்பவர் தேடுவது அந்த ஆசையின் தடயத்தை.

தடயம் என்று சும்மா சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் அச்சாகும். எஞ்சின், நிறம், கூரை எல்லாம் அதில் குறியீடாக இருக்கும். வேலை முடிந்ததும் தொழிலாளி அதைப் பெரும்பாலும் சீட் ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டுப் போவார். ஒரு சாதாரண பிளிமத்தின் பின்சீட்டிலிருந்து கிடைத்த தாளைப் பார்த்திருக்கிறேன். பழுப்பேறி, ஸ்பிரிங் துரு வட்டம் வட்டமாகப் பதிந்து, ஒரு மூலையை எலி கடித்திருந்தது. உரிமையாளர் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக் காட்டினார். கூடா செய்த அமெரிக்காவின் ஹாம்ட்ராம்க் ஆலை 1980ல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. தாள்தான் மிச்சம்.

ஹெமியை வாங்கிச் சாதாரண கன்வெர்டிபிளில் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணைப் பார்க்கிறார்கள். 1971 கூடாவில் ‘27’ என்றால் கன்வெர்டிபிள், அடுத்து ‘ஆர்’ என்றால் ஹெமி. விலை நிற்பது அந்த ஓர் எழுத்தின் மேல்.

பகட்டுக்கு வாங்குகிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் எங்காவது ஒரு ஹெமி கூடாவைப் பார்த்தால், எஞ்சினை ஓடவிடச் சொல்லி பானெட்டைக் கவனியுங்கள். நடுவில் வெட்டிய திறப்பின் வழியே காற்று இழுக்கும் கூடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது எஞ்சினோடு பிணைத்தது. வண்டி நின்ற இடத்தில் நிற்கும், அது மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

அன்புடன்.