நெருப்பு கல்லில் இல்லை

அன்புள்ள அக்கா,

கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போய் வரும் வழியில் ஒரு வெள்ளைக் கல் எடுத்தேன். முட்டை அளவு, ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. இது சக்கிமுக்கிக் கல், சாமியறையில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்கிறார் மாமா. ஆதிமனிதன் இரண்டு கல்லை உரசித்தானே நெருப்பு உண்டாக்கினான்? நானும் இன்னொரு கல்லோடு அரை மணித்தியாலம் உரசினேன். இருட்டில் வெளிச்சம் வந்தது, நெருப்பு வரவில்லை. இது சக்கிமுக்கிதானா? அந்தச் சொல் தமிழா?

– ஒரு வாசகர், நிலாவெளி

அன்புள்ள தம்பி,

சாமியறையை மாமாவிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் கையில் இருப்பது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். சக்கிமுக்கி வெண்சுண்ணப் பாறைக்குள் கட்டி கட்டியாக உருவாவது, நம் மண்ணுக்கு அடியில் அந்தப் பாறை கிடையாது. அதற்காகக் கல்லை எறிந்துவிடாதீர்கள். இரண்டும் சிலிக்கா என்ற ஒரே பொருள்தான், களுத்துறைப் பக்கத்துப் பாகியங்கல குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் வெங்கச்சங்கல்லை உடைத்துத்தான் நகத்தளவுக் கருவிகள் செய்தார்கள்.

ஆனால் இந்த "இரண்டு கல்லை உரசி" என்ற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அரை மணித்தியாலம் உரசியும் வரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டு, கண்ணால் கண்டதை விட்டுப் படித்ததை நம்புகிறீர்களே! நீங்கள் கண்டது கல்லின் குளிர்ந்த ஒளி. நாங்களும் சிறுவயதில் போர்வைக்குள் இருந்து உரசி, அந்தக் கருகல் மணத்தை மோந்து பார்த்திருக்கிறோம். அதில் பஞ்சுகூடப் பற்றாது.

பொறி கல்லிலிருந்து வருவதில்லை தம்பி, இரும்பிலிருந்து வருகிறது. கல்லின் கூரான விளிம்பு இரும்பை மயிரளவு சீவி எடுக்கிறது, அந்தச் சீவல் சூடேறிக் காற்றில் பற்றி எரிகிறது. எரிவது இரும்பு! இரும்பு உருக்கத் தெரியாத காலத்தில்கூட, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கல் ஒன்றைத்தான் சக்கிமுக்கியால் அடித்தார்கள். 1795இல் நம் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கியிலும் அதே வேலைதான், விசையை இழுத்தால் கல் போய் உருக்குத் தகட்டில் அடிக்கும். லைற்றருக்குள் இருக்கும் 'கல்'லோ கல்லே இல்லை. 1903இல் வெல்ஸ்பாக் என்ற ஒஸ்திரியர் கண்டுபிடித்த, சீரியமும் இரும்பும் கலந்த உலோகம் அது.

சொல்லைக் கேட்டீர்கள். துருக்கியில் 'சக்மக்' என்றால் அடித்தல், அதுதான் உருது வழியாக நம்மிடம் வந்து சக்கிமுக்கி ஆயிற்று. நம் ஔவையார் புறநானூற்றில் அதியமானுக்கு உவமை சொன்னது வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோலை. அது மரம். சரி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1990 யூனில் நாங்கள் ஊரைவிட்டுக் காட்டுக்குள் போய் இருந்தோம். வழியில் ஒரு நீரோடையைக் கடந்ததில் நெருப்புப்பெட்டி எல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. அன்று இரவு அம்மப்பா மடியிலிருந்து ஒரு சின்னப் பேணியை எடுத்தார். வயல் காவலில் சுருட்டுப் பற்ற வைக்க அவர் வைத்திருந்தது. உள்ளே உடைந்த அரத் துண்டு, ஒரு வெள்ளைக் கல், மூடிய பேணிக்குள் வைத்துக் கருக்கிய வேட்டித் துணி. துணியைக் கல்லின் விளிம்போடு சேர்த்துப் பிடித்து அரத்தால் மேலிருந்து கீழே அடித்தார். நான்கைந்து அடியில் விரல் மொளி தோலுரிந்து இரத்தம் வந்தது. நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்லைப் பாக்காத, பிள்ளை, அரத்தைப் பார்" என்றார். அப்புறம் துணியில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. சுவாலை இல்லை, புள்ளி மட்டும் மெல்ல மெல்ல அகன்றது. அதைத் தேங்காய்த் தும்புக்குள் பொதிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தைக்கு ஊதுவது போல ஊதினார். முதலில் புகை, பிறகு திடீரென்று அவர் முகம் தெரிந்தது. அம்மம்மா கஞ்சிப் பானையோடு பக்கத்தில் காத்திருந்தா.

கல் எங்கேயோ தொலைந்துபோயிற்று. அரத் துண்டு என்னிடம் இருக்கிறது, அடித்து அடித்து ஒரு பக்கம் குழிந்து போயிருக்கிறது. உப்புவெளிப் பக்கம் வந்தால் உங்கள் கல்லைக் கொண்டு வாருங்கள், உடைந்த விளிம்புதான் தேவை. துணி கருக்கி வைத்திருக்கிறேன்.