புளோரிடாவின் ரோட்டோரக் கால்வாய்களில் கிடைக்கும் வெளிநாட்டு மீன்களைப் பிடித்துச் சாப்பிடலாமா?

தென் புளோரிடாவில் ரோட்டோரக் கால்வாய்களில் கிடைக்கும் வெளிநாட்டு மீன்களைச் சமைக்கலாமா, சட்டம் விடுமா, உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வீட்டு மீன்தொட்டியில் விடும் பிளெக்கோ மீனைச் சாப்பிடலாமா என்று ஒரு துணைக்கேள்வி.

சமைக்கலாம். நானும் சமைக்கிறேன். ஆனால் எல்லா மீனையும் இல்லை, எல்லாக் கால்வாயிலிருந்தும் இல்லை. இங்கே புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் பலர் 'வெளிநாட்டு இனம்' என்று கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். மீனின் பூர்வீகத்துக்கும் அதைச் சாப்பிடலாமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அது எதைத் தின்றது, எவ்வளவு பெரிதாக வளர்ந்தது, எந்தத் தண்ணீரில் கிடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இருக்கும் கால்வாய்களில் பெரும்பாலானவை சதுப்பு நிலத்தை வடிக்கவும், மழை வெள்ளத்தைக் கடலுக்குத் தள்ளவும் வெட்டியவை. சில, சாலை போடத் தேவைப்பட்ட கல்லுக்கும் மண்ணுக்குமே தோண்டியவை. 1928-ல் திறந்த டமியாமி டிரெயில் சாலையை ஒட்டி ஓடும் கால்வாய் அப்படி உண்டானதுதான். மயாமிப் பக்கம் சுண்ணாம்புப் பாறையை ஆழமாக வெட்டியிருப்பதால் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்திலும் அந்த நீர் அவ்வளவாகச் சில்லிடாது. வெப்பமண்டல மீன்கள் இங்கே நிலைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படியும் 2010 ஜனவரிக் குளிரில் ஏராளமாகச் செத்து மிதந்தன.

மீன்கள் வந்த வழி பெரும்பாலும் மீன் பண்ணையும் வீட்டுத் தொட்டியும்தான். பீகாக் பாஸ் என்ற வேட்டை மீனின் கதை மட்டும் வேறு. பெருகிவிட்ட ஸ்பாட்டட் திலாப்பியாவை (ஒரு வகை ஜிலேபி மீன்) தின்னட்டும், தூண்டில்காரர்களுக்கும் ஒரு நல்ல மீன் கிடைக்கட்டும் என்று 1984-ல் தொடங்கி மாநில அரசே அதைக் கால்வாய்களில் விட்டது. ஒரு வெளிநாட்டு மீனை அடக்க இன்னொரு வெளிநாட்டு மீன்!

சட்டம் சுலபம்தான். 16 வயது நிறைந்தவர் நன்னீர் மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். புளோரிடாவாசிக்கு வருஷத்துக்கு 17 டாலர். 65 வயதான உள்ளூர்க்காரர்களுக்குத் தேவையில்லை. போனிலேயே எடுத்துவிடலாம். திலாப்பியா, மாயன் சிக்லிட், ஆஸ்கர் போன்றவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. பீகாக் பாஸுக்கு உண்டு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2, அதில் 17 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான் இருக்கலாம். புல் கெண்டை மாட்டினால் மட்டும் உடனே திரும்ப விட்டுவிட வேண்டும்; நீர்ச்செடிகளைத் தின்ன வேண்டும் என்றே அதை விட்டிருக்கிறார்கள். கரை எல்லா இடத்திலும் பொதுவானது என்று நினைத்துவிடாதீர்கள், குடியிருப்புச் சங்கங்களின் பலகையைப் படித்துவிட்டு நில்லுங்கள். அப்புறம், தூண்டிலை வீசும்போது பின்னால் கார் போகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது மாயன் சிக்லிட். தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மீன். இங்கே முதலில் 1983-ல், தென் புளோரிடாவின் பெரும் சதுப்பு நிலமான எவர்கிளேட்ஸின் தேசியப் பூங்காவில் கண்டார்கள். உள்ளங்கை அகலம், உடம்பில் கறுப்புப் பட்டைகள், தொண்டையிலும் வயிற்றிலும் சிவப்பு, வாலடியில் நீல வளையம் போட்ட ஒரு கரும்புள்ளி. மண்புழுத் துண்டு போதும், சண்டைக்காரன் மாதிரி இழுக்கும். கையில் எடுக்கும்போது முதுகுத் துடுப்பைத் தலையிலிருந்து வால் பக்கமாக அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் முட்கள் விரலைப் பதம் பார்க்கும். செதில் தடிப்பு, ஸ்பூனால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால் சமையலறைச் சுவர் வரை தெறிக்கும், அதனால் நான் வாளித் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டுவேன். சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். பொரித்தால் ஜிலேபி மீனைவிட ஒரு படி மேல் என்பேன்.

ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியாவும் தாராளமாக உண்டு. புழுவை அவ்வளவாக மதிக்காது, சின்னத் தூண்டில் முள்ளில் ரொட்டி உருண்டை வைத்துப் பாருங்கள். வயிற்றைக் கீறினால் நூல் சுருள் போல நீளமான குடல், அதற்குள் பச்சைக் குழம்பாகப் பாசி. பீகாக் பாஸின் வயிற்றைக் கீறினால் பாதி செரித்த குட்டி மீன்கள் கிடக்கும். இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் உடம்புக் கேள்விக்கான பதில் இருக்கிறது.

எவர்கிளேட்ஸின் பெரிய தலைவலி பாதரசம். மழையோடு இறங்கும் பாதரசத்தைச் சதுப்பு நிலத்துப் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து குட்டி மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஏற ஏறச் செறிவாகிக்கொண்டே போகும். சதையோடு பிணைந்துவிடுவதால் கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது. அதனால் பாசி தின்னும் சிறிய திலாப்பியா பரவாயில்லை. வருஷக்கணக்காக மீனையே தின்று கொழுத்த மீன் ஆகாது, அது அமெரிக்க மீனாக இருந்தாலும் சரி. உள்ளூர் லார்ஜ்மவுத் பாஸும் இந்தக் கணக்கில் மாட்டும். எவர்கிளேட்ஸ் பக்கத்து நீரில் பிடித்த பெரிய வேட்டை மீன்களை நான் சமைப்பதில்லை. எந்த நீரில் எந்த மீனை எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை பட்டியல் வெளியிடுகிறது. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் அதைப் பார்க்காமல் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள்.

விரால் பிரியர்களுக்கு ஒரு செய்தி. விரால் குடும்பத்து ஸ்நேக்ஹெட் ஒன்று 2000-ல் ப்ரோவர்ட் மாவட்டத்தின் டமராக்கில் தென்பட்டது, இப்போது அந்தப் பக்கத்துக் கால்வாய்களில் நன்றாகப் பரவிவிட்டது. அதை உயிரோடு வைத்திருப்பதே குற்றம். நம் ஊர்ச் சந்தையில் விராலைத் தண்ணீர்த் தொட்டியில் துள்ளத் துள்ள வாங்கிப் பழகியவர்களுக்கு வாளியில் உயிரோடு கொண்டுபோகத்தான் கை வரும், கூடாது. பிடித்த இடத்திலேயே கொன்று ஐஸில் வைத்துவிட வேண்டும். மழைநாளில் ரோட்டில் ஊர்ந்துபோகும் நடக்கும் கெளுத்திக்கும் அதே விதி. அதன் பக்கத் துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் நன்றாகவே கடுக்கும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை என் கண்தான் எனக்கு அளவுகோல். ரோட்டு வடிகால் குழாய் நேரே விழும் இடம், பச்சை பெயிண்ட் கொட்டியது போல் ஆல்கே என்ற நுண்பாசி படர்ந்த இடம், எண்ணெய்ப் படலம் மிதக்கும் இடம் இவற்றில் நிற்க மாட்டேன். பெருமழை பெய்து ரோட்டுக் கழிவெல்லாம் இறங்கியிருக்கும் நாட்களிலும் போவதில்லை. ஆல்கே நச்சு ஈரலில்தான் அதிகம் சேரும் என்பதால், எந்த மீனாக இருந்தாலும் குடல், ஈரல் எல்லாவற்றையும் எறிந்துவிடுவேன். அந்தக் கழிவைக் கரையில் வைத்தே தண்ணீரில் வீசாதீர்கள். முதலைக்கு இரை போடுவது இங்கே சட்டப்படி குற்றம், தவிர அடுத்த நாள் அதே இடத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

சேற்று வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை அது. புளிப்பு பட்டால் அடங்கிவிடும். புளிக் குழம்பில் போட்டால் தெரியவே தெரியாது. எலுமிச்சைச் சாற்றில் மட்டும் ஊறவைத்துப் பச்சையாகத் தின்னும் செவிச்சே வேண்டவே வேண்டாம்; நன்னீர் மீனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு எலுமிச்சைக்குச் சாகாது. உள்வரை வெந்தாக வேண்டும்.

நாம் தின்று தீர்த்தால் இந்த இனங்கள் குறையுமா என்று சிலர் கேட்பதுண்டு. குறையாது. முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும் திலாப்பியா இனங்களை நாலு தூண்டில்காரர்கள் என்ன செய்துவிட முடியும்?

பிளெக்கோ: தொட்டியில் கண்ணாடி துடைக்கும் அதே மீன்தான் இங்கே ஒன்றரை அடி வளர்ந்து, கரையில் வளை தோண்டி மண்ணைச் சரியவைக்கிறது. தென் அமெரிக்காவில் சாப்பிடுகிறார்கள். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, கத்தி இறங்காது. வயிற்றுப் பக்கமாகக் கத்தரியால் வெட்டித் திறந்தால் வாலில் கொஞ்சம் சதை தேறும். அந்த உழைப்புக்கு நாலு மாயன் சிக்லிட்டைச் சுத்தம் செய்துவிடலாம்.