சூனியக்காரிகள் சொன்னதும் சொல்லாததும்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் குறி சொல்லியிராவிட்டால், மக்பெத் கொலைகாரனாகியிருப்பானா?

பதில்: ஆகியிருக்க மாட்டான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கொலை செய் என்று அந்த மூவரும் எந்த இடத்திலும் சொல்லவில்லை. கிளாம்ஸ் பிரபு, காடர் பிரபு, வருங்கால அரசன் என்று அவனை வாழ்த்துகிறார்கள். முதலாவது அவன் ஏற்கெனவே பெற்றிருந்த பட்டம். இரண்டாவதை அரசன் டங்கன் முந்தைய காட்சியிலேயே வழங்கிவிட்டான், செய்திதான் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாவது எப்படிக் கைகூடும் என்று அவர்கள் வாய் திறக்காதபோது, டங்கனைக் கொல்வதை முதலில் நினைத்தவன் மக்பெத். தயங்கியவனைத் துணியவைத்தவள் அவன் மனைவி. தன் வழித்தோன்றல்கள் அரசாள்வார்கள் என்று அதே இடத்தில் கேட்ட சக தளபதி பாங்கோ, யாரையும் கொல்லப் புறப்படவில்லை.

அவர்களுடைய ஆற்றலின் எல்லையை நாடகமே காட்டுகிறது. ஒரு மாலுமியின் மீது வஞ்சம் கொண்ட சூனியக்காரி, அவனுடைய கப்பலைப் புயலில் அலைக்கழிக்க முடியுமே தவிர மூழ்கடிக்க முடியாது என்று தானே ஒப்புக்கொள்கிறாள். இதை வெறும் கற்பனையாக அக்காலத்தவர் கேட்டிருக்க மாட்டார்கள். டென்மார்க்கிலிருந்து மணமகளுடன் திரும்பிய ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸின் கப்பலுக்கு எதிராகப் புயலை ஏவியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1590 முதல் பலர் வடக்கு பெரிக் வழக்குகளில் சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் ஆளானார்கள். பேய்களையும் சூனியத்தையும் பற்றி 1597இல் நூலே எழுதிய அந்த ஜேம்ஸ்தான், 1606 வாக்கில் இந்நாடகம் உருவானபோது இங்கிலாந்தின் அரியணையிலும் இருந்தார். பாங்கோ தம் முன்னோர் என்று அவருடைய வம்சத்தார் நம்பினார்கள். மூலக்கதையான ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் கொலைக்கு உடந்தையாக வரும் பாங்கோ, நாடகத்தில் நல்லவனாகிவிட்டான். அரசரின் ஆதரவில் பிழைத்த நாடகக் குழுவிடம் வேறு எதை எதிர்பார்ப்பது!

சூனியக்காரிகள் உண்மையாகவே குற்றவாளிகளாவது நான்காம் அங்கத்தில், மக்பெத் தானே அவர்களைத் தேடிச் செல்லும்போதுதான். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை, பெர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு நகர்ந்து வரும்வரை தோல்வியில்லை என்று அவர்கள் வரவழைத்த உருவங்கள் கூறுகின்றன. எதிரிப் படைவீரர்கள் அந்தக் காட்டின் மரக்கிளைகளை வெட்டி ஏந்தி வருகிறார்கள். அவனைக் கொல்லும் மக்டஃபோ, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். ஒரு சொல்லும் பொய்யில்லாமலேயே மக்பெத்தை ஏமாற்றிவிட்டார்கள்.

கேள்வி: விருந்தில், மக்பெத் ஆள்வைத்துக் கொன்ற பாங்கோவின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. மேடையில் நடிகர் வர வேண்டுமா, நாற்காலி காலியாக இருந்தால் போதுமா?

பதில்: ஆவி வந்து மக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது என்று ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்புப் பதிப்பில் மேடைக் குறிப்பே உள்ளது, டங்கனைக் கொல்லப் போகும்போது அந்தரத்தில் அவன் காணும் கத்திக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. நாற்காலியைக் காலியாக விட்டால் நாமும் விருந்தினர்களோடு சேர்ந்து ஒரு பித்தனை வேடிக்கை பார்ப்போம். நடிகர் வந்து அமர்ந்தால் கொலைகாரனின் அச்சம் நம்மையும் பற்றிக்கொள்ளும் என்பதால், நான் அதையே விரும்புவேன்.