டிசைன் வேலையில் ஸ்கிரிப்ட்: தருமபுரி, கிருஷ்ணகிரி அச்சக நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பள்ளி திறந்ததும் அடையாள அட்டை, மாங்காய் சீசனில் லேபிள், முகூர்த்த மாதங்களில் பத்திரிகை என்று ஒரே வேலை நூறு தடவை திரும்பி வருகிற தொழில் நம்முடையது. அதில் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை ஸ்கிரிப்ட் மூலம், அதாவது மென்பொருளுக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகள் மூலம், கணினியிடம் எப்படித் தள்ளுவது என்று இரண்டு மாவட்டங்களிலும் டிடிபி கடை, அச்சகம், பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கு 1,200 அடையாள அட்டை. பெயர், வகுப்பு, படம் எல்லாம் ஒவ்வொன்றாக காப்பி பேஸ்ட் செய்கிறோம். இதற்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா?

வேண்டாம் அண்ணே. இதற்கான வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. பட்டியலில் இருப்பதை எடுத்து ஒரே டிசைனில் தானாக நிரப்பும் வசதி அது: கோரல் டிராவில் பிரிண்ட் மெர்ஜ், இன்டிசைனில் டேட்டா மெர்ஜ். படமும் சேர்ந்து வர வேண்டும் என்பதால் இன்டிசைன் பக்கம் போங்கள். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு மாணவர். படத்துக்கு ஒரு தனி நெடுவரிசை, அதன் தலைப்பு அட் குறியில் தொடங்க வேண்டும். நேராக அட் குறியைத் தட்டினால் எக்செல் அதை ஃபார்முலா என்று நினைத்துக்கொண்டு பிழை காட்டும். அதற்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். சேமிக்கும்போது யூனிகோட் டெக்ஸ்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

படங்களுக்குப் பெயரைக் கொண்டு பெயரிடாதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள். சேர்க்கை எண்ணைக் கொண்டு பெயரிட்டால் குழப்பமே இல்லை. அட்டை அளவு 85.6 க்கு 54 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 1011 க்கு 638 பிக்சல். படங்களை முதலிலேயே ஒரே விகிதத்தில் வெட்டி வைத்துவிட்டால் மெர்ஜ் செய்தபின் முகம் பாதி போகிற தொல்லை வராது.

எல்லாம் முடிந்ததும் அச்சுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் குழந்தை வருடம் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப்போகிற பெயர் அது. இதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

காரிமங்கலம். எக்செல்லில் பெயர் சரியாகத்தான் தெரிகிறது. கோரலில் மெர்ஜ் செய்தால் கட்டம் கட்டமாக வருகிறது. ஒருமுறை எழுத்து வந்தது, ஆனால் கொம்பு இடம் மாறியிருந்தது.

இங்கேதான் நம் ஊர் டிசைனர்களில் பாதிப் பேர் ஸ்கிரிப்டையே கைவிட்டுவிடுகிறார்கள். குறை ஸ்கிரிப்டில் இல்லை. உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு நோய்கள்.

முதலாவது எழுத்துரு. உங்கள் பழைய டெம்ப்ளேட் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்த ஏற்பாடு. எக்செல்லில் இருப்பதோ யூனிகோட் தமிழ், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை. அந்த எழுத்துகளுக்கு பாமினியில் இடமே கிடையாது, அதனால்தான் கட்டம். ஒன்று, டெம்ப்ளேட்டை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். இல்லை, தரவை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் பாமினிக்கு மாற்றிக்கொண்டு மெர்ஜ் செய்யுங்கள். முதல் வழிக்கு ஒரு நாள் உட்கார வேண்டும், ஆனால் ஒரே தடவைதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பள்ளி, வங்கி, சங்கம் என்று எங்கிருந்து பட்டியல் வந்தாலும் இனி யூனிகோடில்தான் வரும். என் யோசனை: மாறிவிடுங்கள்.

இரண்டாவது கொம்பு. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும் என்பது மென்பொருளின் எழுத்து அமைப்புப் பொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிகப் பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்க வேண்டும். இன்டிசைனில் பத்திக்கு வேர்ல்டு ரெடி கம்போசர் போட வேண்டும். நூறு பக்கம் இருந்தால் எல்லாப் பத்திக்கும் அதைப் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்ணுக்கே தெரியாது என்பதால் சொல்கிறேன். ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டுச் சிலர் தட்டுவார்கள். காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருப்பார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெயரைத் தேடிப் பொருத்துகிற ஸ்கிரிப்ட் அங்கே தோற்றுப்போகும். பட்டியல் கைக்கு வந்ததும் முதல் வேலையாக இதைத் தேடித் திருத்துங்கள்.

தருமபுரி. பெயர் நீளமாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். 10 எழுத்துக்கு மேல் போனால் சின்ன அளவு. ஆனால் சின்னப் பெயர்களும் சுருங்கிவிடுகின்றன.

தம்பி, ஸ்கிரிப்ட் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை இல்லை. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் கணக்கு. ‘கிருஷ்ணகிரி’ நமக்கு 6 எழுத்து, ஸ்கிரிப்டுக்கு 11. ‘தருமபுரி’ நமக்கு 5, அதற்கு 8. எண்ணுவதையே விட்டுவிட்டு, எழுத்து உட்கார்ந்தபின் அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பெட்டியை விட அகலமானால் அரைப் பாயிண்ட் குறை, மறுபடி அள. இன்டிசைனில் இன்னும் சுலபம்: எழுத்து பெட்டிக்கு வெளியே வழிகிறதா என்று நேராகவே கேட்கலாம். குறைப்பதற்கு ஓர் எல்லையும் வையுங்கள். அதற்குக் கீழே போனால் அந்த அட்டையைத் தனியே எடுத்துவைத்துக் கையால் சரிசெய்வதுதான் நல்லது.

ஓசூரில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். 600 படத்தின் அளவைக் குறைக்க வேண்டும். ஆக்‌ஷனா, ஸ்கிரிப்டா?

ஆக்‌ஷன் போதும். செய்கிற படிகளை ஒருமுறை பதிவு செய்து மறுபடி ஓட்டும் ஃபோட்டோஷாப் வசதி அது. ஆனால் இமேஜ் சைஸைப் பதிவு செய்யாமல், பைல் மெனுவில் ஆட்டோமேட்டுக்குள் இருக்கும் ஃபிட் இமேஜைப் பதிவு செய்யுங்கள். படுக்கைப் படம், நிலைப் படம் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆக்‌ஷனே வேண்டாம் என்றால் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் இமேஜ் பிராசஸர் இருக்கிறது. கோப்பின் பெயரைப் பார்த்து வேறு வேறு வேலை செய்ய வேண்டும், எக்செல்லில் இருந்து எண்ணை எடுக்க வேண்டும் என்று வரும்போதுதான் ஸ்கிரிப்ட். அப்போது முதல் வரியிலேயே அளவுகோலின் அலகைப் பிக்சல் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் சரியாக ஓடுவது, அங்குலம் வைத்திருக்கும் பக்கத்துக் கணினியில் வேறு அளவாக வந்து நிற்கும்.

பென்னாகரம். கல்லூரியில் படிக்கிறேன், ஒரு ஸ்டுடியோவில் பகுதிநேர வேலை. கோடிங் தெரியாது. எதைக் கற்றுக்கொள்ளலாம்? ஏஐயிடம் கேட்டு வாங்கிய ஸ்கிரிப்ட் ஓடவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஜாவாஸ்கிரிப்ட். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றுக்கும் அது செல்லும். கோரல் மட்டும் என்றால் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்றால் பைதான்.

ஓடாததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: அடோபியின் பழைய எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட், 1999இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரத்தை ஒட்டியது. ‘லெட்’, அம்புக்குறிச் சார்புகள் என்று இப்போது எல்லாரும் எழுதும் பலவும் அதற்குப் புரியாது. ஏஐ அந்தப் புதிய பாணியில்தான் எழுதித் தரும். ‘எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்டுக்கு, பழைய முறையில், வார் (var) மட்டும் வைத்து எழுது’ என்று சொல்லிக் கேளுங்கள், நிலைமை மாறும். ஃபோட்டோஷாப்பின் 2022 முதலான பதிப்புகளில் யுஎக்ஸ்பி என்ற புதிய முறை ஸ்கிரிப்டும் ஓடும், அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் எத்தனை பழைய பதிப்புகள் ஓடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். அதனால் பழையதையும் படித்துவைப்பது வீண்போகாது.

அப்புறம் ஒன்று. ஸ்கிரிப்டில் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது கோப்பைத் திறப்பதற்கு முன்பே என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று குறிப்பிட வேண்டும்.

கிருஷ்ணகிரி. கோரலில் மேக்ரோ எழுதுகிறேன். எடிட்டரில் தமிழ் தட்டினால் கேள்விக்குறி விழுகிறது. மேக்ரோ ஓடவும் நேரமாகிறது.

விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது, அவ்வளவுதான். தமிழை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள். எக்செல் கட்டத்தில் வைத்து அங்கிருந்து எடுங்கள். ஓரிரு எழுத்துதான் என்றால் எண்ணாகக் கொடுக்கலாம், ‘த’வுக்கு 2980. வேகத்துக்கு, தொடக்கத்தில் ஆப்டிமைசேஷனை இயக்கி முடிவில் கட்டாயம் அணைத்து ரெஃப்ரெஷ் கொடுங்கள். முழு வேலையையும் ஒரே கமாண்ட் குரூப்புக்குள் போட்டால் ஒரே அண்டுவில் எல்லாம் பழைய நிலைக்கு வரும். அலகை மில்லிமீட்டர் என்று சொல்லவும் மறக்காதீர்கள், சொல்லாவிட்டால் அங்குலம்தான்.

காவேரிப்பட்டணம். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லேபிள் செய்கிறோம். ஒரே வடிவம், பத்துப் பதினைந்து வகை. பார்கோடும் உரிம எண்ணும் மாறி மாறி வரும். இதை நம்பி ஸ்கிரிப்டிடம் விடலாமா?

விடலாம் சார், ஆனால் எக்செல்லை மட்டும் நம்பாதீர்கள். பார்கோடு எண் 13 இலக்கம், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். சாதாரணக் கட்டத்தில் தட்டினால் 8.90 என்று தொடங்கி ‘ஈ பிளஸ் 12’ என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். தேதிக்கும் அப்படியே, 05/06 என்பது ஜூன் 5ஆ, மே 6ஆ என்பதைக் கணினியின் அமைப்பு முடிவு செய்ய விடக் கூடாது.

பார்கோடில் ஸ்கிரிப்ட் நமக்கு நல்ல காவல்காரன். 13ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எத்தனை வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். இதைச் சரிபார்த்துப் பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். லேபிள் ஒட்டிய டின் கப்பலேறிய பிறகு தப்பு தெரிந்தால் ஆலைக்காரருக்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரூர். 20 அடி பேனர், இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்கிரிப்ட் பிழை காட்டுகிறது.

20 அடி என்றால் 240 அங்குலம். சாதாரண கேன்வாஸ் சுமார் 227 அங்குலத்தோடு முடிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து அச்சில் பெரிதாக்குங்கள். ஃபோட்டோஷாப் என்றால் 72 டிபிஐயில் 17,280 பிக்சல், தாங்கும். 150 போட்டால் 36,000, பிஎஸ்டி கோப்பின் 30,000 பிக்சல் எல்லையைத் தாண்டிவிடும்.

ஊத்தங்கரை. புதிதாகக் கடை போடுகிறேன், மென்பொருள் வாங்கக் காசில்லை. திருட்டுப் பதிப்பு வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நல்ல முடிவு, தங்கச்சி. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஸ்விஜி கோப்பு வெறும் உரைதான். பெயர் வர வேண்டிய இடத்தில் ஓர் அடையாளச் சொல்லை வைத்து, பைதானில் பத்துப் பதினைந்து வரியில் அதை மாற்றி மாற்றிச் சேமித்து, கட்டளை வரியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடலாம். சான்றிதழ், அழைப்பிதழ், விலைச்சீட்டு எல்லாவற்றுக்கும் போதும். 2020இல் வந்த 1.0 பதிப்பில் அந்தக் கட்டளைகள் மாறிவிட்டன. அதற்கு முந்தைய பாடங்களைப் பார்த்து எழுதினால் குழம்பும். அச்சகம் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு நிற முறை) கேட்டால் கடைசிப் படியை ஸ்கிரைபஸில் முடியுங்கள். படங்களுக்கு இமேஜ்மேஜிக், அதில் மோக்ரிஃபை கட்டளை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

ராயக்கோட்டை. முன்பு மூன்று நாள் எடுத்த வேலை இப்போது ஒரு மாலையில் முடிகிறது. பழைய விலையே வாங்கலாமா?

வாங்கலாம். பள்ளிக்காரர் உங்கள் மூன்று நாளைக் காசு கொடுத்து வாங்கவில்லை, தப்பில்லாத அட்டையைத்தான் வாங்கினார். மிச்சமான நேரத்தில் பாதியையாவது சரிபார்ப்பில் போடுங்கள்: முதல் பத்து, கடைசிப் பத்து, நடுவில் மிக நீளமான பெயரும் மிகச் சின்னப் பெயரும். அதைச் செய்யாமல் விலையை மட்டும் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தேன்கனிக்கோட்டை. எங்கள் பக்கம் ஒரே பத்திரிகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். ஒவ்வொரு வரிக்கும் எழுத்துருவைக் கையால் மாற்றுகிறோம். இதற்கு வழி உண்டா?

அருமையான கேள்வி, உங்கள் எல்லைப் பகுதிக்கென்றே உள்ள வேலை. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் உண்டு. தமிழ் 2944 முதல் 3071 வரை, தெலுங்கு 3072 முதல் 3199 வரை, கன்னடம் 3200 முதல் 3327 வரை. வரிசையாக அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் பார்த்து, எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்த எழுத்துருவை மாட்டிவிட வேண்டியதுதான். இடைவெளி, முற்றுப்புள்ளி, எண்கள் இந்த எல்லைக்குள் வராது, அவற்றுக்கு முந்தைய எழுத்தின் எழுத்துருவையே கொடுங்கள். ஒவ்வோர் எழுத்தாக மாட்டினால் மெதுவாக ஓடும், சில இடங்களில் குறியும் மெய்யும் பிரிந்து தெரியும். ஒரே மொழி தொடரும் வரை சேர்த்துக்கொண்டு மொத்தமாக மாட்டுங்கள். தெலுங்கு, கன்னட எழுத்துகளில் மேலும் கீழும் ஒட்டு அதிகம் என்பதால் அந்த வரிகளுக்கு வரி இடைவெளியை ஸ்கிரிப்டிலேயே கொஞ்சம் கூட்டிவையுங்கள். முதல் பத்திரிகையை அந்தந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு பிளேட் போடக் கொடுங்கள்.