சொல்லி வைத்து எடுத்த வகுப்பு

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். நடத்துவதை செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்து, நிறைகுறைகளை இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார் எங்கள் பேராசிரியை. என் குரலைக் கேட்டாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலில் எடுத்தது சொதப்பிவிட்டதால் அழித்துவிட்டு, யாரிடம் என்ன கேட்பேன் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்து மறுபடி எடுத்தேன். நன்றாகவே வந்தது, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் பாராட்டினார்கள். ஆனால் எழுதத்தான் ஒன்றும் தோன்றவில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் அம்மாவுக்காகவாவது நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும். கூச்சம் போக என்ன வழி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கூச்சம் போகாவிட்டாலும் குடி முழுகிவிடாது மகளே. 'சொல்லி வைத்து மறுபடி எடுத்தேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் பேசுவோம்.

எழுத ஒன்றும் தோன்றவில்லையா? எப்படித் தோன்றும்? நீ எடுத்தது ஆண்டு விழா நாடகம். எந்தக் கேள்விக்கு வகுப்பே முழித்தது, கடைசி பெஞ்சு எப்போது ஜன்னல் பக்கம் திரும்பியது, பாதி சொன்ன பதிலை நீ எங்கே வெட்டினாய் என்று எழுத வேண்டியதெல்லாம் நீ அழித்த வீடியோவில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. பெரியவர்கள் பார்க்கும்போது தெரிந்த மாதிரி நடித்தால் போதும் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறாய். நீ நடத்திய அறிவியலை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். அவர்களைப் பெற்றவளும் எதையாவது அடகு வைத்துத்தான் வளர்க்கிறாள். உன் அம்மா நகையைக் கழற்றிக் கொடுத்தது இதற்காகவா?

மறுபடி நடத்துவது தப்பே இல்லை. சின்னப் பாடத்தைச் சில மாணவர்களுக்கு மட்டும் நடத்திப் பழகுகிற, நீ படிக்கிற மைக்ரோ டீச்சிங்கே அதுதான். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் அதைத் தொடங்கியபோது, நடத்து, பார், திருத்து, திரும்ப நடத்து என்றுதான் வைத்தார்கள். ஆனால் இரண்டாம் முறை வேறு மாணவர்களை உட்கார வைத்தார்கள். ஏன் என்று இப்போது புரிகிறதா?

சரி, செய்ய வேண்டியதைக் கேள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, சாதாரண வகுப்பு ஒன்றை எடு. போனை உன் பக்கம் திருப்பாதே. கரும்பலகை ஓரமாக, பிள்ளைகள் முகம் தெரிகிற மாதிரி வை. முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு அவர்களை மட்டும் பார். (உன் குரலும் கேட்காது, சந்தோஷம்தானே?) அடுத்த தடவை, கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி பொறுக்கிறாய் என்று எண்ணு. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். 3 நொடி பொறுத்தால் பதில் நீளமாகிறது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுகிறது. இதை எழுதவே இரண்டு பக்கம் போதாது.

அப்புறம், குரூப்பில் போட்ட வீடியோவை எல்லாரையும் அழிக்கச் சொல். ஊரார் பிள்ளைகளின் முகத்தை உன் சித்தப்பா, பெரியப்பாவுக்கெல்லாம் அனுப்ப உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?