ஒரு பெட்டியில் இரண்டு பிள்ளைகள்: கீபோர்ட் அல்ல, கார்டுதான் தடை

கோப்பாயில் ரியூசன் நடத்தும் ஒருவர் கேட்கிறார்: "லினக்ஸ் போட்ட ஒரே கொம்பியூட்டரில் இரண்டு கீபோர்ட், இரண்டு மவுஸ், இரண்டு மொனிட்டர் கொழுவினேன். இரண்டு பிள்ளைகள் தட்டுவதும் ஒரே இடத்தில் போய் விழுகிறது. கேர்னலுக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாதா?"

லினக்ஸின் உள்மையமான கேர்னலுக்குத் தெரியும், பிரித்துத்தான் வைத்திருக்கிறது. எவ்டெவ் என்ற பகுதி ஒவ்வொரு கீபோர்ட்டுக்கும் தனி ஈவென்ட் கோப்பு தருகிறது; அங்கே குழப்பமே இல்லை. குழப்புவது மேலே இருப்பவை. கேர்னலின் பழைய கன்சோல் (எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை), ஒரு இயந்திரத்துக்கு முன்னால் ஒரு ஆள்தான் இருப்பார் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. லினக்ஸின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியும், நீங்கள் வேறு சொல்லாதவரை, எல்லாவற்றையும் சீட்0 என்ற ஒரே இருக்கையில், அதாவது ஒரு ஆளுக்குரிய கீபோர்ட், மவுஸ், திரைத் தொகுதியில், சேர்த்துவிடும்.

சரி, கீபோர்ட்டைப் பிரித்துவிடலாம். திரைதான் வில்லங்கம். இரண்டு மொனிட்டரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டில் கொழுவியிருந்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் கிராபிக்ஸைக் கவனிக்கும் கேர்னலின் டிஆர்எம் பகுதி ஒரு கார்டின் திரைகளை ஒரு நேரத்தில் 'மாஸ்டர்' எனப்படும் ஒரு நிரலுக்குத்தான் ஆளக் கொடுக்கும். 2018இல் வந்த 4.15 கேர்னலிலிருந்து ஒரு திரையை மட்டும், காணியைக் குத்தகைக்கு விடுவது மாதிரி, இன்னொரு நிரலுக்கு விடலாம்தான். ஆனால் சிஸ்டம்டி இருக்கை பிரிப்பது கார்டு கார்டாகத்தான், குத்தகையை நம்பி இறங்கினால் மினக்கேடு. பழைய கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள், போர்டில் உள்ள கிராபிக்ஸ் மற்றதாக இருக்கட்டும். கார்டு போட்டதும் போர்டு கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடுவதுண்டு, பயோஸில் போய் இயக்கிவிடுங்கள்.

பிறகு டெர்மினலில் 'லாகின்சிடிஎல் சீட்-ஸ்டேட்டஸ் சீட்0' அடித்தால் கருவிகளின் முழுப் பாதைகள் வரும். வாங்கிப் போட்ட கார்டின் பாதையை 'லாகின்சிடிஎல் அட்டாச் சீட்1' என்பதற்குப் பின்னால் கொடுங்கள். இரண்டாவது பிள்ளையின் கீபோர்ட்டையும் மவுஸையும் ஒரு யூஎஸ்பி ஹப்பில் கொழுவி அந்த ஹப்பையும் அப்படியே சேர்த்துவிட்டால், அதில் பிறகு எதைச் செருகினாலும் சீட்1க்கே போகும். ஹப்பை மட்டும் வேறு துளைக்கு மாற்றாதீர்கள். கருவியின் பெயரை அல்ல, துளையின் பாதையைத்தான் சிஸ்டம்டி நினைவில் வைத்திருக்கிறது. கூட்டும்போது யாராவது கழற்றி வேறு துளையில் குத்திவிட்டால் பழையபடி இரண்டும் ஒன்றாகிவிடும்.

லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம் அல்லது லைட்டிஎம் நிரல் இருந்தால் சீட்1 திரையிலும் தனி லாகின் வரும். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி கறுப்புத் திரைக்குப் போவது சீட்0இல் மட்டும்தான், இரண்டாவது பிள்ளைக்கு அது கிடையாது. குழம்பிவிட்டால் 'லாகின்சிடிஎல் ஃபிளஷ்-டிவைசஸ்' அடியுங்கள், எல்லாம் சீட்0க்கே திரும்பிவிடும்.