முட்டி வலிக்குத் தோல் வழியே மருந்து

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். முழங்கால் தேய்மானம். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சுகரும் இருக்கிறது. தோல் வழியாகவே மருந்து இறக்க 10 நாள் கரண்ட் வைக்கலாம் என்கிறார்கள். போகலாமா?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: எந்தக் கரண்ட் என்று முதலில் கேளுங்கள் அம்மா. நம் பக்கம் பிசியோவில் எது வைத்தாலும் கரண்ட்தான். மருந்து நனைத்த பேடை முட்டியில் வைத்து, ஒரே திசையில் ஓடும் மெல்லிய மின்சாரத்தால் உள்ளே தள்ளுவது அயன்டோபோரசிஸ். மருந்து ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தேய்ப்பது ஃபோனோபோரசிஸ். அதில் உடம்பில் கரண்டே பாயாது.

அம்மாவுக்குச் சுகர் என்பதால் முதலாவது எனக்குப் பயம். ராயபுரத்தில் நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு பாட்டிக்குப் பேட் வைத்திருந்தோம். "சுருக்குன்னு இருக்கா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியலப்பா" என்றார். பேடை எடுத்தால் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. அவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லை, நாங்கள் அதைச் சோதிக்கவில்லை. இன்று வரை பஞ்சால் தொட்டு, சூடும் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று பார்க்காமல் நான் பேட் வைப்பதில்லை. பேஸ்மேக்கர் இருந்தாலோ தோலில் புண் இருந்தாலோ வேண்டவே வேண்டாம்.

அல்ட்ராசவுண்டில் ஜெல்லைக் கவனியுங்கள். கருவியின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஓட்டினால் சொட்டு கொப்பளிக்கும். வெள்ளை க்ரீம் பலவற்றைத் தடவி அதன் மேல் தண்ணீர் விட்டால் அசையாது. ஒலியே நுழையாத இடத்தில் மருந்து எங்கே நுழையும்?

சரி, நல்ல ஜெல்தான் என்றே வைத்துக்கொள்வோம். முழங்கால் தேய்மானத்துக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து வைத்துச் செய்த ஃபோனோபோரசிஸை வெறும் அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. மருந்து சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் வந்தது. அதனால் 10 நாள் காசு கட்டும் முன், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஜெல்லைக் கையால் தடவிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையோடு பார்த்தால் ரத்தத்தில் சேர்வது சுமார் 6 சதவீதம்தான், வயிற்றுக்குத் தொல்லை குறைவு. ஆனால் பட்டாணி அளவு போதாது. 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு 4 வேளை.

அப்புறம் தொடைச் சதையைப் பலப்படுத்துவது. எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது. காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, 5 எண்ணி விடச் சொல்லுங்கள். காலையில் 10, ராத்திரி 10. வலி அடங்கும் நேரத்தில் செய்தால் இன்னும் சுலபம்.

அம்மா அரிவாள்மனை முன்னால் எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறார்? மேசையும் உயர ஸ்டூலும் போட்டு, நின்றும் உட்கார்ந்தும் கத்தியால் வெட்ட முடியுமா என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடம் பேசினால் இடம் கிடைக்கும். முட்டி திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் எங்களிடம் வராமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.